வெறும் முதுகு

வலிக்கு மார்க் போடச் சொல்வார்கள். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஏதாவது ஓர் எண். காலைக் கஞ்சி குடித்து முடிந்ததும் பிஸியோ மிஸ் கையில் கொப்பியோடு கட்டில் கட்டிலாக வந்து கேட்பார். நான் கணக்கு டீச்சர். பதினாறு வருடமாக மற்றவர் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவள், எனக்கே போட்டுக்கொள்ளக் கிடைத்தால் விடுவேனா? ஏழரை என்பேன். எட்டு என்பேன். ஒருநாள் ஒன்பதே கால் என்றேன். மிஸ் அந்தக் காலை எழுதாமல் விட்டுவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இரண்டு நாள் இருந்தது.

பக்கத்துக் கட்டில் அக்கா எப்போதும் இரண்டு விரலைக் காட்டுவார். அவர் தொடைக்குள் ஒரு சாண் நீளத்துக்குத் தகடு இருந்தது. விரலைக் காட்டுகிற நேரத்தில் மற்றக் கை போர்வைக்குள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும். மிஸ்ஸுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், என் கட்டில் அந்தப் பக்கம்.

"ஏன் அக்கா பொய் சொல்றீங்க? கூடச் சொன்னாத்தானே மருந்து கூடத் தருவாங்க" என்று கேட்டேன்.

"கூடச் சொன்னா கூட நாளு வச்சுக்குவாங்க டீச்சர்" என்றார்.

கண்டி டவுனைத் தாண்டி ஒரு மேட்டில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. ஒப்பரேஷன் முடிந்தவர்களைத் திரும்ப நடக்கப் பழக்கி அனுப்புகிற இடம். மாத்தளை ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்க நான் ஒரு காலைத் தரையில் வைத்தேன். மற்றக் காலை வைப்பதற்குள் பஸ் எடுத்துவிட்டது. இடுப்பும் முழங்காலும் போய், அலவத்துகொடையில் இரண்டு பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு ஐந்து மாதம் அங்கே கிடந்தேன். அக்கா எனக்கு முன்பே வந்தவர். புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். நாற்பத்திரண்டு வயது. புருஷன் இறந்து நாலு வருடம். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். பெயரை எழுத மாட்டேன். எழுதுகிற உரிமையை இழந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

விழுந்த கதையை அவர் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார். மழை விட்ட ஈரத்தில் கொழுந்துப் பையோடு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் சறுக்கியிருக்கிறார். மேலேயிருந்து ஆட்கள் இறங்கி வருவதற்கு ஒரு மணித்தியாலம் ஆனது. அவரைப் படங்குச் சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், கொழுந்தையும் கூடவே கொண்டுவந்து தராசில் நிறுத்தார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். முழு நாள் பறித்தால் முழுப் பேர். "நான் விழுந்தது பகலு பன்னண்டு மணிக்கி. அரப் பேருதான் போட்டாங்க டீச்சர். ஒரு நாலு மணி நேரம் கழிச்சு விழுந்திருக்கலாம்" என்று சொல்லி வாட்டையே சிரிக்க வைப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

எனக்கு அங்கே உதவியது மருந்தல்ல, அவர்தான். முதல் மாதம் என் காலை நானே தூக்கிக் கட்டிலில் வைக்க முடியாது. பெல் அடித்து, யாராவது வந்து, முகம் சுளித்து, தூக்கி வைக்க வேண்டும். கணவர் வந்திருந்தால் அவர் தூக்குவார். ஆனால் தூக்கும்போது கதவைப் பார்ப்பார். "இன்னும் எவ்ளோ நாளாம்?" என்று ஒவ்வொரு தரமும் கேட்பார். ஞாயிறு தவறாமல் வந்தவர், ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறானார். நான் ஏசவில்லை. ஏசினால் அதுவும் நின்றுவிடும் என்ற பயம். இரவில் அழுவதற்குப் பதிலாகக் காலையில் எட்டு மார்க் போட்டேன், அவ்வளவுதான்.

அக்கா ஒருநாள் தலைத்துண்டைக் கழற்றி வீசினார். மலையில் கொழுந்துப் பையின் கயிறு நெற்றியை அறுக்காமல் தலையில் மடித்துப் போடுகிற துண்டு அது. "பாதத்துல மாட்டி, ரெண்டு கையாலயும் இழுங்க. காலு தானா வரும். நம்ம காலத் தூக்க இன்னொருத்தர் எதுக்கு?" என்றார். இழுத்தேன், கால் வந்தது. அன்றைக்கு அந்தத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். தேயிலை வாசனை அடித்தது. சேலைக்குப் பதில் சட்டை, குளிக்க பிளாஸ்டிக் கதிரை, தவறி விழுந்த சீப்பை எடுக்க முனையில் கம்பி வளைத்த ஒரு தடி, எல்லாம் அவர் வழி காட்டியவைதான். அந்தத் தடி இன்னும் என் அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பதிலுக்கு நான் செய்தது ஒன்றுதான். அங்கே டொக்டரும் மிஸ்மாரும் சிங்களம்தான் பேசினார்கள். அக்கா தனக்குச் சிங்களம் வராது என்பார். அவர்கள் சொல்வதை நான் தமிழில் சொல்வேன், அவர் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வேன். வாட்டு கூட்ட வருகிற பெண் ஒரு தரம் பெரிய டொக்டரின் நடையைப் பற்றி ஏதோ பகிடி சொன்னாள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் அக்காவின் தோள் குலுங்கியது. முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார் என்று விட்டுவிட்டேன். கணக்கு டீச்சரென்று பெயர்தான், ஒன்றோடு ஒன்றைக் கூட்டத் தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ஹந்தானை மலை தெரியும். மற்றவர்கள் பனி அழகாக இருக்கிறது என்பார்கள். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கவ்வாத்து வெட்டாமப் போட்டுட்டானுக. தேயில மரமாப் போச்சு" என்று திட்டுவார். காலை ஐந்தரைக்கு எழுந்து தலை வாரி, கட்டிலில் தயாராக உட்கார்ந்துவிடுவார். மலை வேலைக்கு அங்கே யாரும் பேர் கூப்பிடப் போவதில்லை. ஆனாலும் உட்கார்ந்திருப்பார்.

வோக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கியபோதுதான் அவரிடம் பயத்தைப் பார்த்தேன். நல்ல காலைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாமல் தடுமாறினார். உடம்பு பின்னுக்குப் போயிற்று. மிஸ் என்னைப் பார்த்து, முன்னுக்குச் சாயச் சொல் என்றார். சொன்னேன்.

அக்கா கட்டிலுக்குத் திரும்பியதும் மெதுவாகச் சொன்னார். "பதினாறு வயசுலருந்து பையோடதான் நடக்குறேன் டீச்சர். பின்னால பாரம் இழுக்கும், நம்ம முன்னால சாஞ்சு ஏறுவோம். வெறும் முதுகோட நடந்தா யாரோ தள்ளிவுடுற மாதிரி இருக்கு."

கேட்டபோது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அக்கா வந்து ஆறாம் மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில் மகள் அவருக்குப் போன் எடுத்தாள். அக்கா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். தோட்டத்து ஐயா வீட்டுக்கு வந்தாராம். அடுத்த மாதம் முடிவதற்குள் அந்தக் காம்பராவிலிருந்து ஓர் ஆள் வேலைக்கு வர வேண்டுமாம், இல்லையென்றால் காம்பராவை விட வேண்டுமாம். காம்பரா என்றால் லயத்து வரிசை வீடுகளில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும், அவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

"நான் பேர் பதியிறேன்மா. நீ ஒண்ணும் யோசிக்காத" என்றாள் மகள்.

"ஸ்கூலு?"

"அத அப்புறம் பாக்கலாம்."

"நீ ஸ்கூலுக்குப் போ. நான் வந்துருவேன். வந்துருவேன்னு ஐயாகிட்ட சொல்லு" என்றார் அக்கா. போனைத் தலையணைக்குக் கீழே வைத்தார். அன்று மிஸ் வந்து வலி கேட்டபோது அவர் விரலையே காட்டவில்லை. நான்தான் இரண்டு என்று சொன்னேன்.

அதே நாள் பத்து மணிக்கு டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு பொருந்தவே இல்லை, இன்னும் மூன்று மாதம் அந்தக் காலில் பாரம் விழக்கூடாது, விழுந்தால் தகடு வளையும் என்றார். கட்டாயம் விளங்கப்படுத்தச் சொல்லி என்னிடம் திரும்பினார். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "பொருந்திக்கிட்டு வருதாம் அக்கா. கொஞ்சம் கொஞ்சமா மிதிக்கலாமாம். பாத்து, பையப் பைய."

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். அந்த முகத்துக்கு நேரே மூன்று மாதம் என்ற சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை, அதுதான் உண்மை. பின்னேரம் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாணவருக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டுவிட்டு அடுத்த தவணை சரிபண்ணலாம் என்று நினைக்கிற டீச்சரின் புத்தி. மறுநாள் வந்தபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

வாட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்துக்குப் போகிற வழியில், சிமெந்து போட்ட ஒரு சரிவு இருந்தது. பகல் இரண்டு மணிக்குமேல் அங்கே ஆள் நடமாட்டம் இராது. அக்கா மிஸ்ஸுக்கு முன்னால் வோக்கரைப் பிடித்துக் கால் நுனியை மட்டும் தொட்டு நடப்பார். இரண்டு மணிக்குச் சரிவுக்குப் போவார். ஒரு துணிப்பையில் கயிறு கட்டி, தலைத்துண்டின்மேல் மாட்டி முதுகில் தொங்கவிட்டார். உள்ளே வெறும் சேலைன் போத்தல்களில் தண்ணீர். பைப்பில் போத்தல்களை நிரப்பி, என் வீல்செயாரில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

முதல் நாள் இரண்டு போத்தல். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் நடந்தார். தடுமாற்றம் போன இடம் தெரியவில்லை. உடம்பு முன்னுக்குச் சாய்ந்தது, கால் தானாக இடம் தேடி வைத்தது, சரிவின் மேலே போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியில் நான் கண்ட ஒரே சந்தோஷமான முகம் அது. மூன்று மாதம், பாரம் விழக்கூடாது, தகடு வளையும் என்று டொக்டர் சொன்னதெல்லாம் என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் கைதட்டினேன்.

மூன்று போத்தல், நாலு, ஆறு. அவர் கேட்கக் கேட்க நிரப்பினேன். போத்தலுக்கு ஒரு லீட்டர், ஒரு கிலோ. பத்தொன்பதாம் நாள் எட்டுப் போத்தல்.

சத்தம்கூட வரவில்லை. சரிவின் நடுவில் நின்றார், சுவரைப் பிடித்தார், அப்படியே மெல்ல உட்கார்ந்தார். தொடை இருக்கக்கூடாத விதமாகத் திரும்பியிருந்தது. நான் கத்த வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். மொதல்ல போத்தலக் கொண்டுபோய் ஒளிங்க."

ஒளித்தேன். எட்டுப் போத்தலையும் மடியில் வாரிப் போட்டுக்கொண்டு, சக்கரத்தைத் தள்ளிப் போய், துணிக் கூடைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு அதற்குப் பிறகுதான் ஆளைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதற்காக ஒளித்தேனா, எனக்காக ஒளித்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மிஸ் பதறிப்போய் வலி எவ்வளவு என்று கேட்டார். அக்கா நாலு விரலைக் காட்டினார். அவர் காட்டி நான் பார்த்த ஆகக் கூடிய எண் அது. தனியாக நடந்து பார்த்தேன், விழுந்துவிட்டேன் என்று என்னை வைத்தே மொழிபெயர்க்க வைத்தார். அதை மட்டும் சொல்லுக்குச் சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

மறுபடி ஒப்பரேஷனுக்கு அவரை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வருமுன் எனக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போனில் இரண்டு மூன்று தரம் பேசினோம். மகளைப் பற்றிக் கேட்டேன். "வேலைக்கிப் போகுது" என்றார். அதற்குப் பிறகு எனக்குப் போன் எடுக்கத் துணிவு வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துப் புசல்லாவைக்குப் போனேன். ஊன்றுகோலோடு நடக்கப் பழகியிருந்தேன். பஸ் ஏறுவதற்கே ஒரு வருடம் எடுத்திருந்தது எனக்கு. ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் கேக்கும் வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கப் போனேன். ரோட்டிலிருந்து லயத்துக்கு மேலே ஏற வேண்டும், மண்ணில் வெட்டிய படிகள். ஏறி முடிக்கையில் எனக்குக் கண் இருண்டது.

அக்கா வாசலில் பலகையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். இடது கால் நாலு விரற்கடை குட்டை. அந்தக் காலுக்கு மட்டும் மூன்று ரப்பர் செருப்பின் அடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைத்துப் போட்டிருந்தார். "எப்புடி என் மேட்டுச் செருப்பு?" என்று காலைத் தூக்கிக் காட்டினார். முதுகில் ஒன்றும் இல்லை. சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார்.

மகள் பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் துண்டு. அந்தத் துண்டு எனக்குத் தெரிந்த துண்டு. "வாங்க" என்றாள், பால் போடாத பிளேன்டி ஊற்றித் தந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கைகால் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போனாள்.

அவள் போனதும் நான் ஆரம்பித்தேன். "அக்கா, அன்னைக்கி டொக்டர் சொன்னது..."

"மூணு மாசம் மிதிக்கக் கூடாதுன்னாரு. மிதிச்சா தகடு வளையும்னாரு" என்றார் அக்கா.

நான் கையிலிருந்த பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எனக்கு சிங்களம் தெரியும் டீச்சர். சின்னப் புள்ளையில டவுன்ல ஒரு சிங்கள நோனா வூட்டுல ரெண்டு வருசம் வேலைக்கி நின்னேன். தெரியும்னு காட்டிக்கிறதில்ல. தெரியாதுன்னா பாதி ஏச்சு கொறையும்." வெங்காயத் தோலை ஊதித் தள்ளினார். "நீங்க மாத்திச் சொன்னதும் வெளங்குச்சு. எனக்காகச் சொன்னீங்க. நானும் அதையே புடிச்சுக்கிட்டேன்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒன்றரை வருடமாக நான் தூங்காத தூக்கத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது? எல்லாம் தெரிந்துகொண்டு என் மடியிலிருந்து ஒவ்வொரு போத்தலாக வாங்கிப் பையில் போட்டாரே இந்த மனுஷி.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார். பீலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மககிட்ட நான் வேற மாதிரி சொல்லியிருக்கேன். டொக்டர் மிதிக்கலாம்னு சொன்னதா டீச்சர்தான் மாத்திச் சொல்லிட்டாங்க, நானும் நம்பி நடந்துட்டேன்னு. அவளுக்கு அவ்வளவு கோவம். படிப்புப் போச்சே. அத எங்கயாச்சும் கொண்டுபோய் வைக்கணும்ல? என் மேல வச்சான்னா இந்த ஒரு காம்பராவுல ரெண்டு பேரும் எப்புடி இருக்குறது?" இன்னொரு வெங்காயத்தை எடுத்தார். "மனசுல வச்சுக்காதீங்க."

பேரீச்சம்பழப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினேன். அக்கா அந்தக் குட்டைக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பலகைக்கு நேரே வைத்துக்கொண்டார். கை கம்பியைத் தேடியது, அங்கே கம்பி இல்லை.

போகும்போது மகளை என்னோடு அனுப்பினார். படிகளில் இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். அவள் என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக இறக்கினாள். பழகிய கை. பாதி வழியில் நின்றாள்.

"அம்மா சொன்னது நெசமா டீச்சர்? டொக்டர் சொன்னத நீங்கதான் மாத்திச் சொன்னீங்களா?"

அம்மாவுக்குச் சிங்களம் தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் சுமை பாதி குறைந்திருக்கும். மேலே, லயத்து வாசலில், அக்கா சுவரைப் பிடித்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மகள். நான்தான் மாத்திச் சொன்னேன்."

அவள் கையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. அதே பக்குவத்தோடு ரோடு வரைக்கும் இறக்கி, பஸ்ஸை மறித்து, ஏற்றி, ஊன்றுகோலையும் உள்ளே தந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"இனிமே வராதீங்க டீச்சர். ஒங்களப் பாத்தா அம்மா சிரிக்குது. அத என்னால பாக்க முடியல."

நான் போகவில்லை. மூன்று வருடமாகிறது. இன்றும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் இடுப்பைக் காட்டக் கிளினிக்குக்குப் போகிறேன். போன தரம் ஒரு புது மிஸ் கொப்பியோடு வந்து, வலி எவ்வளவு என்று கேட்டார். இரண்டு விரலைக் காட்டினேன்.